கருவியின் மங்கலைக் கணினிக்குச் சொல்லித் தருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொலைநோக்கிப் படங்களையும் நுண்ணோக்கிப் படங்களையும் கணினியில் கூர்மையாக்க முயல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. பெரும்பாலானவர்கள் "எந்த அல்காரிதம் நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசினால், அவர்கள் கருவி எப்படி மங்கலாக்குகிறது என்பதையே இன்னும் பார்க்கவில்லை என்று தெரியவரும். அதனால் இந்தப் பக்கம் அல்காரிதத்தைவிட மங்கலைப் பற்றியே அதிகம் பேசும். உதாரணத்துக்கு 1990 முதல் 1993 வரையிலான ஹபிள் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டேன்.

1. மங்கல் என்றால் ஃபோகஸ் சரியில்லை என்றுதானே அர்த்தம்? நல்ல கருவியில் அது ஏன் வரவேண்டும்?

ஃபோகஸ் பல காரணங்களில் ஒன்றுதான். ஒளி அலையாக இருப்பதால், குறையே இல்லாத ஆடிகூட ஒரு புள்ளியைப் புள்ளியாகக் காட்டாது. நடுவில் ஒரு வட்டும் சுற்றி மெல்லிய வளையங்களுமாகத்தான் காட்டும். ஜார்ஜ் ஏரி இதை 1835-இல் கணக்கிட்டுக் காட்டினார். ஹபிளின் முதன்மை ஆடி 2.4 மீட்டர் விட்டம் கொண்டது. பச்சை ஒளியில் அந்த வட்டின் ஆரம் சுமார் 0.05 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). அதற்குக் கீழே இறங்க இயற்பியல் விடாது.

இதன்மேல் துணை ஆடியின் நிழல், அதைத் தாங்கும் கம்பிகள், ஆடியின் வடிவப் பிழை, கருவியின் நடுக்கம், பிக்சலின் அகலம் எல்லாம் சேரும். தரையில் இருக்கும் தொலைநோக்கி என்றால் காற்று இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

2. பி.எஸ்.எஃப், பி.எஸ்.எஃப் என்கிறார்களே, அது என்ன?

புள்ளி பரவல் சார்பு. ஒரே ஒரு புள்ளி ஒளியைக் கருவிக்குக் காட்டினால் அது எப்படிப் பரவி விழுகிறதோ அந்த வடிவம். வானியலில் இது எளிது: ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளி, அதன் படமே பி.எஸ்.எஃப்.

எந்தக் காட்சியையும் பல புள்ளிகளின் கூட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியும் தன் பிரகாசத்துக்கு ஏற்ற அளவில் ஒரு பி.எஸ்.எஃப்-ஐ விரிக்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் மங்கிய படம். எல்லா இடத்திலும் ஒரே வடிவம் என்றால் இந்தக் கூட்டலுக்குக் கன்வல்யூஷன் என்று பெயர். பிரகாசம் இரட்டித்தால் பி.எஸ்.எஃப்-உம் அப்படியே இரட்டிக்கும் என்ற அனுமானம் இதில் இருக்கிறது. அது பொய்க்கும் இடம் ஒன்று உண்டு, கேள்வி 15-இல் வருகிறேன்.

3. ஹபிளில் அப்படி என்னதான் தவறு நடந்தது?

1990 ஏப்ரலில் ஏவினார்கள். ஓரிரு மாதத்தில் படங்கள் எதிர்பார்த்தபடி இல்லை என்று தெரிந்துவிட்டது. முதன்மை ஆடியின் விளிம்பு இருக்கவேண்டியதைவிடச் சுமார் 2.2 மைக்ரான் தட்டையாக இருந்தது. ஆடியைத் தேய்க்கும்போது வடிவத்தைச் சோதிக்க ஒரு ஒளியியல் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதற்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. இடைவெளியை அளக்கும் தண்டின் மூடியில் கறுப்புப் பூச்சு உதிர்ந்திருந்ததால், லேசர் தண்டின் நுனியில் படுவதற்குப் பதில் மூடியில் பட்டுத் திரும்பிவிட்டது. வேறு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டத்தான் செய்தன. "அவை அவ்வளவு துல்லியமானவை அல்ல" என்று ஒதுக்கிவிட்டார்கள்.

விளைவு: ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் சுமார் 70 விழுக்காடு 0.1 ஆர்க்செகண்ட் ஆரத்துக்குள் விழவேண்டும் என்பது திட்டம். விழுந்தது 15 விழுக்காடு அளவுதான். மீதி ஒளி பெரிய ஒளிவட்டமாகச் சிதறிக் கிடந்தது. நடுவில் இருந்த கூர்முனை மட்டும் கெடவில்லை. நம் பேச்சுக்கு முக்கியமான விஷயம் இதுதான்: ஆடி மிக வழவழப்பாக, மிகத் துல்லியமாக, தவறான வடிவத்தில் தேய்க்கப்பட்டிருந்தது. ஆகவே மங்கலும் ஒழுங்கானது, கணக்குக்கு அடங்குவது. நட்சத்திரப் படங்களிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டு ஆடியின் உண்மையான வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆலையில் அப்படியே கிடந்த சோதனைக் கருவியை அளந்தபோது கிடைத்த விடையோடு அது பொருந்தியது.

4. மங்கலை ஒரு மேட்ரிக்ஸாக எழுதி, இன்வர்ஸ் எடுத்துப் பெருக்கிவிட்டால் முடிந்ததே?

முதலில் அளவைப் பாருங்கள். அப்போதைய ஹபிள் கேமராவின் ஒரு சில்லு 800க்கு 800, அதாவது 6,40,000 பிக்சல். மேட்ரிக்ஸில் அதன் வர்க்கம், சுமார் 40,960 கோடி எண்கள். ஓர் எண்ணுக்கு 8 பைட் என்றால் 3.3 டெராபைட். 1990-இல் நினைத்தே பார்க்க முடியாது. இன்றும் அது வீண்வேலை.

அளவை எப்படியோ சமாளித்தாலும் இரைச்சல் (படத்தில் தற்செயலாகச் சேரும் ஏற்ற இறக்கம்) விடாது. மங்கல் நுண்விவரங்களை நசுக்குகிறது, இன்வர்ஸ் அவற்றை அதே அளவு ஊதிப் பெருக்குகிறது. நசுங்கிப்போன இடத்தில் மிச்சமிருப்பது இரைச்சல் மட்டுமே, ஆகவே ஊதிப் பெருகுவதும் அதுதான். அதனால் நடைமுறையில் யாரும் நேராகத் திருப்புவதில்லை. "இந்தக் காட்சியாக இருந்தால் கருவி என்ன படம் தரும்?" என்று முன்னோக்கிக் கணக்கிட்டு, கிடைத்த படத்தோடு ஒப்பிட்டு, காட்சியைத் திருத்தி, மறுபடி கணக்கிடுகிறார்கள். இந்த முன்கணக்கு நூற்றுக்கணக்கான முறை ஓடவேண்டும். மங்கலின் மாதிரி சரியாக இருந்தால் மட்டும் போதாது, மலிவாகவும் இருக்கவேண்டும் என்பது இதனால்தான்.

5. எஃப்.எஃப்.டி இருக்கும்போது வேகம் ஒரு பிரச்சினையா?

எஃப்.எஃப்.டி என்பது படத்தை அலைகளாகப் பிரிக்கும் ஃபூரியர் உருமாற்றத்தை வேகமாகச் செய்யும் வழி. ஒரே பி.எஸ்.எஃப் என்றால் பிரச்சினை இல்லை. 64க்கு 64 அளவுள்ள பி.எஸ்.எஃப்-ஐ 800க்கு 800 படத்தில் நேரடியாகப் போட்டால் சுமார் 260 கோடிப் பெருக்கல்கள். கூலி, டூக்கி இருவரும் 1965-இல் வெளியிட்ட அந்த வழியில் போனால் பதினைந்து கோடி அளவில் முடிந்துவிடும். பி.எஸ்.எஃப்-இன் உருமாற்றத்தை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் திரும்பச் செய்யவேண்டாம். இதை மறந்து லூப்புக்குள்ளேயே போட்டிருக்கும் புரோகிராம்கள் ஏராளம்.

5க்கு 5 போன்ற சின்ன பி.எஸ்.எஃப் என்றால் நேரடிக் கணக்கே வேகமானது. காஸியன் (மணி) வடிவம் என்றால் கிடையாக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை என்று பிரித்துவிடலாம். ஆனால் கேள்வி 3-இல் சொன்ன கூர்முனையும் ஒளிவட்டமும் காஸியனுக்கு அடங்காது. வசதிக்காகக் காஸியனை வைத்துவிட்டு "டீகன்வல்யூஷன் (மங்கலை நீக்கும் கணக்கு) வேலை செய்யவில்லை" என்று வருபவர்களே அதிகம்.

6. எஃப்.எஃப்.டி போட்டதும் படத்தின் வலது ஓரத்து நட்சத்திரம் இடது ஓரத்தில் கசிகிறது. புரோகிராமில் பிழையா?

பிழை இல்லை, எஃப்.எஃப்.டி-யின் இயல்பே அது. படம் சுருட்டி ஒட்டப்பட்டதாக அது நினைத்துக்கொள்கிறது. சுற்றிலும் பூச்சியம் சேர்த்துப் பெரிதாக்குங்கள். 800-உம் 64-உம் சேர்ந்தால் குறைந்தது 863 வேண்டும். 863 பகா எண், எஃப்.எஃப்.டி-க்குப் பிடிக்காது. ஒன்று கூட்டி 864 ஆக்கினால் 2, 3 ஆகியவற்றின் பெருக்கமாகிவிடும், வேகமும் கூடும்.

இன்னொரு சங்கதி. சட்டத்துக்கு வெளியே நிற்கும் நட்சத்திரத்தின் ஒளிவட்டமும் உங்கள் படத்துக்குள் விழுந்திருக்கும். அதனால் மீட்கும் காட்சியைப் படத்தைவிட ஒரு பி.எஸ்.எஃப் அகலம் பெரிதாக வைத்து, கடைசியில் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். ஓரத்தில் வரும் கோடுகள் பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

7. நடுவில் ஒரு நல்ல நட்சத்திரத்தை வெட்டி எடுத்து, அதையே எல்லா இடத்துக்கும் பி.எஸ்.எஃப் ஆக வைக்கிறேன். போதாதா?

சின்ன வெட்டுப்படத்துக்குப் போதும். முழுச் சில்லுக்குப் போதாது. ஹபிளின் முதல் அகலப்புல கேமராவுக்குள்ளேயே ஒரு சிறு தொலைநோக்கி அமைப்பு இருந்தது, அதற்கும் ஒரு நடு நிழல். படத்தின் நடுவிலிருந்து விலக விலக அந்த நிழல் முதன்மைத் தொலைநோக்கியின் நிழலிலிருந்து நகர்ந்துகொண்டே போகும். அதனால் ஒளிவட்டத்தின் உள்வடிவம் மூலைக்கு மூலை மாறியது. சாதாரணக் கேமரா லென்ஸிலும் மூலையில் எடுத்த தெருவிளக்கைப் பெரிதாக்கிப் பாருங்கள், வால் முளைத்திருக்கும்.

8. இடத்துக்கு இடம் பி.எஸ்.எஃப் மாறினால் எஃப்.எஃப்.டி பயன்படாதே. அப்புறம் என்ன செய்வது?

நேராகப் பயன்படாது, உண்மை. ஆனால் மாற்றம் மெதுவாக நடக்கிறது. அந்த மெதுவைத்தான் எல்லா உத்திகளும் பயன்படுத்திக்கொள்கின்றன.

முதல் வழி, துண்டாக்குவது. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பி.எஸ்.எஃப். கட்டங்களை ஒட்டினாற்போல் வைத்தால் எல்லைக்கோடு தெரியும். ஆகவே கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும், அண்டைக் கட்டங்களின் எடை (கலவையில் ஒவ்வொன்றின் பங்கு) மெல்ல ஏறி இறங்கவேண்டும், எந்த இடத்திலும் எடைகளின் கூட்டல் 1 ஆகவேண்டும். நாகியும் ஓலியரியும் 1998-இல் இந்த வகையை ஒழுங்காக எழுதிவைத்தார்கள். 2010-இல் ஹிர்ஷ் குழுவினர் "எஃபிஷியன்ட் ஃபில்டர் ஃப்ளோ" என்ற பெயரில் இதை வேகமான வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 5க்கு 5 கட்டம் என்றால் ஒரே பி.எஸ்.எஃப்-ஐவிட நாலைந்து மடங்கு வேலை. இருபத்தைந்து மடங்கு அல்ல, ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் சிறியது.

இரண்டாவது வழி எனக்கு அதிகம் பிடித்தது. படம் முழுக்க நூறு இடங்களில் பி.எஸ்.எஃப் எடுத்து, அவற்றை எஸ்.வி.டி-யில் (பொதுவான அடிப்படை வடிவங்களைப் பிரித்தெடுக்கும் மேட்ரிக்ஸ் கணக்கு) போடுங்கள். நூறும் நூறு விதமாகத் தெரிந்தாலும், சில அடிப்படை வடிவங்களின் கலவையாகவே பெரும்பாலும் அமையும். அந்த வடிவங்களை மோட் என்பார்கள். ஒவ்வொரு மோடும் படம் முழுக்க மாறாதது, ஆகவே அதற்கு எஃப்.எஃப்.டி போடலாம். இடத்துக்கு இடம் மாறுவது கலவையின் விகிதம், அதாவது எடை மட்டுமே. ஆறு மோட் என்றால் ஆறு கன்வல்யூஷன், கூட்டினால் வேலை முடிந்தது. போடுவதற்குமுன் எல்லா பி.எஸ்.எஃப்-களையும் பிக்சலின் பின்ன அளவுவரை நடுவுக்கு இழுத்துச் சீராக்குங்கள். இல்லையென்றால் முதல் சில மோட்கள் வெறும் நகர்வைச் சொல்வதிலேயே வீணாகிவிடும்.

9. சரி, எத்தனை மோட் வைப்பது?

இரைச்சலைக் கேளுங்கள், அது சொல்லும். ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் சேர்ந்திருந்தால் ஒளித்துகள்களின் இயல்பான ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. உங்கள் மாதிரியின் பிழை அங்கே 0.3 விழுக்காட்டுக்கு வந்துவிட்டதென்றால் அதற்குமேல் துல்லியம் தேடுவது கணினிக்குத் தண்டனை. ஒளி குறைந்த படங்களுக்கு மூன்று மோட் போதலாம். பளிச்சென்ற நட்சத்திரக் கூட்டத்துக்குப் பத்துகூடப் பற்றாமல் போகலாம். "எட்டு மோட் வைத்தேன்" என்று காரணம் சொல்லாமல் எழுதும் கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

10. எடையை மங்கலாக்கும் முன் பெருக்குவதா, பின் பெருக்குவதா? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. முன்னால் பெருக்கினால், ஒளி எங்கிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து பி.எஸ்.எஃப் அமையும். பின்னால் பெருக்கினால், எங்கே வந்து விழுகிறது என்பதைப் பொறுத்து அமையும். லென்ஸ் மங்கலுக்கு முதலாவதுதான் பொருத்தம்: ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு முழு பி.எஸ்.எஃப். எடைகளின் கூட்டலும் ஒவ்வொரு பி.எஸ்.எஃப்-இன் கூட்டலும் 1 என்றால் மொத்த ஒளியும் கூடாமல் குறையாமல் இருக்கும். பின்னால் பெருக்கும் முறையில் இந்த உத்தரவாதம் இல்லை.

பி.எஸ்.எஃப் தன் அகலத்துக்குள் அதிகம் மாறாதபோது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹபிளைப்போல் நீண்ட ஒளிவட்டம் இருந்தால் தெரியும்.

11. ரிச்சர்ட்சன்-லூசியில் பி.எஸ்.எஃப்-ஐத் திருப்பிப்போடச் சொல்கிறார்கள். ஏன்? மாறும் பி.எஸ்.எஃப்-இல் எதைத் திருப்புவது?

ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியாகக் கண்ட வழி இது. பழுதான ஹபிள் படங்களுக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வேலை: காட்சியை மங்கலாக்கி, உண்மைப் படத்தை அதனால் வகுக்கவேண்டும். பிறகு அந்த விகிதத்தை, அதற்குக் காரணமான புள்ளிகளுக்கே திருப்பி அனுப்பவேண்டும். இரண்டாவது வேலை மேட்ரிக்ஸின் ட்ரான்ஸ்போஸ் (வரிசைகளையும் நெடுக்குப் பத்திகளையும் இடம் மாற்றியது). ஒரே பி.எஸ்.எஃப் என்றால் அதை 180 பாகை திருப்பிப் போடும் கன்வல்யூஷன்தான் அது.

மோட் முறையில் ஒவ்வொரு மோடையும் 180 பாகை திருப்புங்கள், வரிசையையும் திருப்புங்கள்: முன்பு எடை, பிறகு மங்கல், இப்போது மங்கல், பிறகு எடை. சரியாகச் செய்தோமா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு காட்சி, ஏதாவது ஒரு படம், இரண்டையும் ரேண்டமாக எடுங்கள். காட்சியை மங்கலாக்கிப் படத்தோடு பிக்சலுக்குப் பிக்சல் பெருக்கிக் கூட்டிய எண்ணும், படத்தைத் திருப்பி அனுப்பிக் காட்சியோடு பெருக்கிக் கூட்டிய எண்ணும் பத்துப் பன்னிரண்டு இலக்கம்வரை ஒத்துப்போகவேண்டும். போகவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் ஓட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மோட்களில் எதிர்மறை எண்கள் இருக்கும். சில மோட்களோடு நிறுத்தும்போது பி.எஸ்.எஃப்-இன் ஓரம் பூச்சியத்துக்குக் கீழே போகலாம். இருண்ட பின்னணியில் வகுக்கும்போது இது வெடிக்கும். வானப் பின்னணியின் பிரகாசத்தை மாதிரியிலேயே சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

12. பி.எஸ்.எஃப்-ஐ நட்சத்திரத்திலிருந்து அளப்பதா, ஒளியியலிலிருந்து கணக்கிடுவதா?

அளந்ததில் உண்மை இருக்கும், இரைச்சலும் இருக்கும். கணக்கிட்டதில் இரைச்சல் இருக்காது, ஆனால் கருவியின் எல்லாக் குணங்களும் உள்ளே வந்திருக்கும் என்று சொல்லமுடியாது. ஹபிளுக்காக ஜான் கிரிஸ்ட் எழுதிய டைனி டிம் என்ற மென்பொருள் இரண்டாவது வகை. ஆடியின் திறப்பு, நிழல்கள், கம்பிகள், வடிவப் பிழை ஆகியவற்றைக் கொடுத்தால் ஃபூரியர் உருமாற்றத்தின் வழியே பி.எஸ்.எஃப் தரும். வடிவப் பிழையைச் செர்னிகே பல்லுறுப்புக் கோவைகளால் (வட்ட ஆடியின் பிழைகளை விவரிக்கும் நிலையான வடிவங்கள்) எழுதினால் பத்திருபது எண்களில் ஒரு முழு பி.எஸ்.எஃப் அடங்கிவிடும். இதைவிடச் சிக்கனமான மாதிரி கிடைப்பது அரிது. படத்திலுள்ள நட்சத்திரங்களைக் கொண்டு அந்தப் பத்திருபது எண்களை மட்டும் திருத்துவதே என் சிபாரிசு.

இதில் ஒரு வேகச் சங்கதி. மெல்லிய பிக்சல்களில் பி.எஸ்.எஃப் வேண்டுமென்றால் எஃப்.எஃப்.டி-க்கு ஏராளமான பூச்சியம் சேர்க்கவேண்டும். நமக்கு வேண்டியதோ நடுவிலுள்ள சில நூறு பிக்சல்கள். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மேட்ரிக்ஸ் பெருக்கலில் எடுத்துவிடலாம். சுமேர் குழுவினர் 2007-இல் காட்டிய இந்த வழியைத்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் பி.எஸ்.எஃப் மென்பொருளும் பயன்படுத்துகிறது.

13. என் பி.எஸ்.எஃப் அகலமே இரண்டு பிக்சல்தான். அதே நட்சத்திரம் ஒரு படத்தில் குண்டாகவும் இன்னொன்றில் ஒல்லியாகவும் தெரிகிறது.

நட்சத்திரம் பிக்சலின் நடுவில் விழுந்ததா, இரண்டுக்கும் இடையில் விழுந்ததா என்பதைப் பொறுத்து அப்படித்தான் தெரியும். ஹபிளின் அகலப்புலச் சில்லுகளில் ஒரு பிக்சல் 0.1 ஆர்க்செகண்ட். கேள்வி 1-இல் பார்த்த வட்டின் ஆரமே 0.05. எனவே மாதிரியை நான்கு மடங்கு நுண்ணிய கட்டத்தில் வையுங்கள், அங்கே மங்கலாக்குங்கள், கடைசியில் பிக்சல் அளவுக்குக் கூட்டிச் சுருக்குங்கள். வேலை பதினாறு மடங்கு ஆகும் என்பதால் தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

நிறத்துக்கும் இதே கதைதான். அலைநீளம் கூடினால் பி.எஸ்.எஃப் விரியும். அகலமான ஃபில்டரில் சிவப்பு நட்சத்திரத்துக்கும் நீல நட்சத்திரத்துக்கும் ஒரே பி.எஸ்.எஃப் பொருந்தாது.

14. நூறு சுற்று ஓட்டியபின் நட்சத்திரங்களைச் சுற்றிக் கறுப்பு வளையம் வருகிறது. சுற்றைக் குறைக்கவா?

குறைத்தால் வளையம் மறையும், காரணம் மறையாது. மீட்ட காட்சியை மறுபடி மங்கலாக்கி, உண்மைப் படத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் எல்லாப் பளிச் நட்சத்திரத்தின் மேலும் ஒரே மாதிரி வடிவம் தெரிந்தால் உங்கள் பி.எஸ்.எஃப் தவறு. ஒரு மூலையில் மட்டும் தெரிந்தால் கேள்வி 7, 8. ஓரத்தில் மட்டும் என்றால் கேள்வி 6. மிச்சம் வெறும் இரைச்சலாக இருந்தும் காட்சியில் புள்ளிப்புள்ளியாக வந்தால், அப்போதுதான் சுற்றைக் குறைக்கவோ கட்டுப்பாடு சேர்க்கவோ வேண்டும்.

இதற்குப் பதிலாக நியூரல் நெட்வொர்க் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம். ஆனால் அதற்குப் பயிற்சி கொடுக்கவும் மங்கிய படங்களை உருவாக்கவேண்டும், அதற்கும் இதே பி.எஸ்.எஃப்-தான் வேண்டும்.

15. பளிச்சென்ற நட்சத்திரங்களின் பி.எஸ்.எஃப் ஒளி குறைந்தவற்றைவிடக் குண்டாக இருக்கிறது. அளந்ததில் பிழையா?

அளந்தது சரிதான். கேள்வி 2-இல் சொன்ன அனுமானம் பொய்க்கும் இடம் இது. சி.சி.டி (கேமராவின் ஒளியுணர் சில்லு) பிக்சலில் ஏற்கெனவே சேர்ந்த எலக்ட்ரான்கள் புதிதாக வருபவற்றைப் பக்கத்துப் பிக்சலுக்குத் தள்ளும். பளிச்சென்ற நட்சத்திரங்களிலிருந்து எடுத்த பி.எஸ்.எஃப்-ஐ ஒளி குறைந்த கேலக்ஸிகளுக்குப் போட்டால் கணக்குக் கெடும். கன்வல்யூஷனைச் சிக்கலாக்காதீர்கள். இந்த விளைவை முதலில் மூலப்படத்தில் திருத்திவிட்டுப் பிறகு வழக்கமான மாதிரியைப் போடுவது மலிவு.

16. 1993-இலேயே ஹபிளைச் சரிசெய்துவிட்டார்களே. இதெல்லாம் இன்னும் எதற்கு?

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், திருத்தம் உள்ளேயே அமைந்த புதிய கேமராவையும், மற்றக் கருவிகளுக்குக் கண்ணாடி போட்டதுபோன்ற காஸ்டார் என்ற அமைப்பையும் பொருத்தினார்கள். மங்கல் வெகுவாகக் குறைந்தது, ஆனால் நிலையாக நிற்கவில்லை. சுமார் 95 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும்போது வெயிலிலும் நிழலிலும் மாறிமாறிப் போவதால் தொலைநோக்கி விரிந்து சுருங்குகிறது. ஆடிகளின் இடைவெளி சில மைக்ரான் மாறி ஃபோகஸ் லேசாக நகர்கிறது. கேள்வி 12-இல் சொன்ன எண்களில் ஒன்றிரண்டை ஒவ்வொரு படத்துக்கும் திருத்தினால் இதைப் பிடித்துவிடலாம்.

தொலைதூரக் கேலக்ஸிகளின் வடிவத்தை ஈர்ப்புவிசை ஒரு விழுக்காடு அளவில் நெளிப்பதை அளப்பவர்களுக்கு, கருவி தரும் நெளிவு அதைவிடப் பெரியது. நுண்ணோக்கியில் வேறு விதம்: லென்ஸுக்கும் மாதிரிக் கண்ணாடிக்கும் இடையில் விடும் எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.515, செல்லைச் சுற்றியுள்ள நீருக்கு 1.33. ஆழம் போகப்போக பி.எஸ்.எஃப் நீண்டுகொண்டே போகும். அங்கே மாற்றம் பக்கவாட்டில் அல்ல, ஆழத்தில். கேள்வி 8-இன் மோட் முறையை ஆழத்தின் திசையில் அப்படியே போடலாம், எடைகள் ஆழத்தை மட்டும் பொறுத்தவை என்பதால் கணக்கும் இன்னும் குறைவு.